உங்களுக்குத் தெரியுமா? – பழைய வெள்ளியும் அது குடியிருந்த பெட்டியும்

● டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து 1984ல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். அதன் கைக்கடிகார ஆலை அமைந்த ஊர் நம் ஓசூர். 1990களில் தனிஷ்க் நகை ஆலையும் இங்கேதான் வந்தது. உலோகத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் நுட்பம் தெரிந்த ஊர் இது. அதே ஊர்க் கடைத்தெருவில், நூறு வருடம் பழைய வெள்ளிச் சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் ‘பழசு’ என்ற ஒரே சொல்லோடு உருக்குக் குகைக்குள் போகின்றன. அப்படிப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் இவை.

● ‘ரூபாய்’ என்ற சொல்லுக்குள்ளேயே வெள்ளி இருக்கிறது. வெள்ளியைக் குறிக்கும் ‘ரூப்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் டாலரை ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள்.

● 1835 முதல் 1940 வரை வெளியான ஒரு ரூபாய் வெள்ளி நாணயத்தின் எடை ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அந்தக் காலத்தில் பாத்திரம் செய்யக் கொடுப்பவர் ஆசாரியிடம் கட்டி வெள்ளி தேடச் சொல்வதைவிட, நாணயங்களையே எண்ணிக் கொடுப்பது எளிது. நூறு ரூபாய் கொடுத்தால் நூறு ரூபாய் எடைக்குப் பாத்திரம். சேதாரமும் கூலியும் தனி. பழைய ஆட்கள் “அந்தச் சொம்பு எண்பது ரூபா எடை” என்று சொல்வதன் பொருள் இதுதான். விலையைச் சொல்வதாக நினைத்து நாம் சிரித்திருப்போம். அவர்கள் எடையைச் சொன்னார்கள். உங்கள் வீட்டுப் பழைய பாத்திரத்தின் மாற்று 91, 92 என்று வந்தால், அது நாணயம் உருக்கிச் செய்ததாக இருக்கக் கூடும்.

1940ல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947ல் முழுக்க நிக்கல் ஆனது. அத்தோடு அந்த எடைக் கணக்கும் முடிந்தது.

● இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. காசை வெட்டியும் உருக்கியும் பாத்திரம் செய்கிறார்கள் என்று அரசு கவலைப்பட்டது. 1697ல் ஒரு சட்டம் வந்தது: பாத்திர வெள்ளியின் தரம் 92.5லிருந்து 95.84க்கு உயர வேண்டும். காசின் தரம் 92.5 என்பதால் அதை அப்படியே உருக்கிப் பாத்திரம் செய்ய முடியாமல் போனது. ‘பிரிட்டானியா தரம்’ என்று பெயர் பெற்ற அந்தக் கட்டாயம் 1720 வரை நீடித்தது. அந்த இருபத்து மூன்று ஆண்டுப் பாத்திரங்களைச் சேகரிப்பவர்கள் தனியே தேடி வாங்குகிறார்கள்.

● ‘ஹால்மார்க்’ என்பதில் வரும் ‘ஹால்’ எது? லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் கூடம். சோதித்து முத்திரை குத்தும் வேலை அங்கே நடந்ததால் வந்த பெயர். சிறுத்தைத் தலை முத்திரை 1300ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1478 முதல். நடக்கும் சிங்கம் 1544 முதல். சிங்கம் இருந்தால் வெள்ளி ஸ்டெர்லிங், அதாவது 92.5 தரம். பர்மிங்காமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை. ஷெஃபீல்டுக்கு 1975 வரை கிரீடம், அதன்பின் ரோஜா. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக மன்னர் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருக்கும். ஒரு தேக்கரண்டியின் பின்பக்கத்தில் நெல்மணி அளவுக்கு நாலைந்து குத்து. அதைப் படிக்கத் தெரிந்தால் ஊரும் ஆண்டும் செய்தவர் பெயரும் கிடைத்துவிடும்.

● பிரிட்டிஷ் இந்தியாவில் இப்படி ஒரு கட்டாய முத்திரையே இருக்கவில்லை! கடைக்காரர்கள் தங்கள் பெயரையே குத்திக்கொண்டார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் வாங்க வேண்டும். நம் நாட்டில் தர நிர்ணய அமைவனத்தின் வெள்ளி ஹால்மார்க் வந்தது 2005ல்தான். 2025 செப்டம்பர் முதல், விரும்புவோர் வெள்ளிக்கும் தனி அடையாள எண்ணோடு முத்திரை பெறலாம். ஆகவே பாட்டி காலத்து வெள்ளியில் ஹால்மார்க் இல்லை என்பதற்காக அது போலி ஆகிவிடாது. கடையில் யாராவது அப்படிச் சொல்லி விலையைக் குறைத்தால் பாத்திரத்தைக் கையோடு திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

● ஆங்கிலேய வெள்ளி நம் பக்கம் வந்தது எப்படி? 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ஒப்புக்கொண்ட தொகை 3 கோடியே 30 லட்சம் ரூபாய். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனதும் அதே உடன்படிக்கையில்தான். ஓசூர்ப் பக்கம் 1799 வரை மைசூரோடு இருந்தது. 1809ல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறிக் கன்டோன்மென்ட் எழுந்தது. படை வந்தால் அதிகாரிகளின் உணவுக்கூடம் வரும்; உணவுக்கூடம் வந்தால் வெள்ளிக் கோப்பையும் கரண்டியும் மெழுகுவர்த்தித் தண்டும் வரும். அந்தத் தேவையை நம்பி ஆங்கிலேய வெள்ளிக் கடைகள் பெங்களூரில் வேர்விட்டன. சவுத் பரேடில் இருந்த பார்ட்டன் கடை அவற்றில் ஒன்று. அந்தத் தெருவுக்கு இன்று மகாத்மா காந்தி சாலை என்று பெயர். அங்கே ‘பார்ட்டன் சென்டர்’ என்ற கட்டடப் பெயரில் அந்தப் பழைய கடையின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டினால் போதும். பழைய தட்டின் அடியில் பார்ட்டன், பெங்களூர் என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தால் அதை உருக்கக் கொடுப்பது பெரிய தவறு.

● தென்னிந்திய வெள்ளியில் உலகச் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது ‘சுவாமி வெள்ளி’யைத்தான். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்டு சன்ஸ் கடையால் புகழ்பெற்ற வேலைப்பாடு அது. தேநீர்க் குடுவை, பால் ஜாடி, தட்டு என்று வடிவமெல்லாம் ஆங்கிலம். உடம்பு முழுக்க நம் கோயில் தூண். தசாவதாரமும் ரிஷப வாகனமும் மயிலேறிய முருகனும் ஒரு டீ கெட்டிலைச் சுற்றி ஊர்வலம் வருவார்கள்.

செய்முறை சுலபமானதல்ல. வெள்ளித் தகட்டைப் பாத்திரமாக அடித்து, உள்ளே அரக்குக் கலவையை நிரப்பி இறுக வைப்பார்கள். பின்பு வெளியிலிருந்து சிற்றுளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். ஒரு விரல் அகலத்துக்குள் கண், மூக்கு, கிரீடம், மாலை எல்லாம் தெரிய வேண்டும். வேல்ஸ் இளவரசர் 1875-76ல் இந்தியா வந்து திரும்பிய பிறகு இந்த வேலைக்கு இங்கிலாந்தில் நல்ல பெயர். லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதைப் பார்க்கலாம். கடையின் பெயர் பாத்திரத்தில் இருக்கிறது; உளி பிடித்த ஆசாரியின் பெயர் இல்லை. எனக்கு அது எப்போதும் உறுத்துகிறது.

● “பொடி வைத்துப் பேசுகிறான்” என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? பொற்கொல்லர் பட்டறையிலிருந்து என்பார்கள். இரண்டு துண்டுகளை ஒட்டப் பற்றாசுப் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். வெளியே தெரியாமல் உள்ளே ஒட்டிக்கொள்ளும் பொடி.

● சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கும் நமக்கும் உறவு பழையது. 1965ல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம்.

● ‘ஜெர்மன் சில்வர்’ தட்டில் வெள்ளி எவ்வளவு? ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுப்பதற்கு நல்லதுதான். வெள்ளி என்று நம்பி வாங்கக் கூடாது.

பழைய பொருள் வாங்குபவர்கள் இன்னொன்றிலும் ஏமாறுகிறார்கள். ‘இ.பி.என்.எஸ்.’ என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது மேலே மட்டும் மின்முலாம் பூசிய நிக்கல் கலவை. 1840ல் எல்கிங்டன் காப்புரிமை வாங்கிய முறை. அதற்கும் முன்பு, 1740களில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பழைய ஷெஃபீல்டு தகட்டில் ஓரம் தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். அந்தச் சிவப்பைக் கண்டு வருந்த வேண்டாம். அதன்மேல் புது முலாம் பூசக் கொடுத்தால்தான் மதிப்புப் போகும்.

● இனி, பெட்டிக்கு வருவோம். அலமாரி, மேசை, சாவி, ஜன்னல் – இந்த நாலும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். ‘பீரோ’ பிரெஞ்சு. பெட்டியும் பேழையும் பெட்டகமும் நம்முடையவை.

● ஐரோப்பாவில் வெள்ளியை ஒளித்துவைக்க மட்டும் மரச்சாமான் செய்யவில்லை, காட்டவும் செய்தார்கள். இடைக்காலப் பிரபுக்களின் விருந்துக்கூடத்தில் படிப்படியாகத் தட்டு வைத்த ‘பஃபே’ நின்றது. எத்தனை தட்டு என்பது அவரவர் அந்தஸ்து. நம் கொலுப்படியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பொம்மைக்குப் பதில் குடமும் தாம்பாளமும். இன்று ஓசூர் கல்யாண மண்டபங்களில் கையில் தட்டோடு வரிசையில் நிற்கிறோமே, அந்த ‘பஃபே’யும் இதே சொல்தான்.

● கத்திப் பெட்டி என்றால் அடிதடி நினைவு வரலாம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது சாப்பாட்டு அறையின் அழகுப்பொருள். மஹோகனி மரம், முன்பக்கம் நெளிந்த வளைவு, சரிந்த மூடி. உள்ளே சாய்வான பலகையில் ஒவ்வொரு கத்திக்கும் கரண்டிக்கும் தனித்தனி ஓட்டை. கத்திகள் பிடி மேலே தெரிய வரிசையாகக் குத்தி நிற்கும். ராபர்ட் ஆடம் போன்றவர்களின் காலத்தில் பரிமாறும் பக்கமேசையின் இருபுறமும் இரண்டு தூண்பெட்டிகள் நிற்கும். ஒன்றின் உட்புறம் உலோகத் தகடு அடித்துத் தட்டுகளைச் சூடாக வைப்பார்கள். மற்றொன்று மது பாட்டிலுக்கு.

பின்னாளில் கத்திகள் இழுப்பறைக்குள் போய்விட்டன. காலியான பெட்டிகளின் உட்பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடிதம் வைக்கப் பயன்படுத்தினார்கள். அதனால் இன்று உட்பலகை அப்படியே இருக்கும் கத்திப் பெட்டி அரிது. ஓட்டை போட்ட அந்தச் சிறு பலகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் உள்கிண்ணங்களைத் தொலைக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

● பிரபு வீடுகளில் வெள்ளி அறைக்குக் காவல் யார்? பட்லர். அவருடைய அறையை ஒட்டியே வெள்ளி அலமாரி இருக்கும். வேலையாள் ஒருவர் அதன் பக்கத்திலேயே படுக்கை போட்டுத் தூங்குவார்.

● மரச்சாமானையே வெள்ளியில் செய்தவர் பிரான்சின் பதினான்காம் லூயி. வெர்சாய் அரண்மனையில் மேசை, பூந்தொட்டி, விளக்குத்தண்டு எல்லாம் கெட்டி வெள்ளி. 1689ல் போர்ச்செலவுக்காக அத்தனையையும் உருக்கிக் காசாக்கிவிட்டார். லூயியின் அந்தச் சாமான்கள் எப்படி இருந்தன என்று இன்று ஓவியத்திலும் திரைச்சீலையிலும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

● ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் மாதோ சிங் 1902ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குக் கப்பலேறியபோது குடிக்கக் கங்கை நீரை எடுத்துப் போனார். அதைச் சுமந்தவை ஆள் உயர வெள்ளி ஜாடிகள், 5 அடி 3 அங்குலம். கின்னஸில் இடம் பெற்றவை. ஜெய்ப்பூர் சிட்டி பேலஸில் இரண்டு ஜாடிகளை நேரில் பார்க்கலாம். குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையிலோ சாப்பாட்டு மேசையின்மேல் தண்டவாளம் போட்டு ஒரு வெள்ளி ரயிலே ஓடியது, மதுவும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு.

பாட்டியாலா மகாராஜா 1922ல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்கென்று செய்வித்த சாப்பாட்டுச் செட்டில் சுமார் 1,400 உருப்படி. 2013ல் லண்டனில் ஏலத்துக்கு வந்து ஏறக்குறைய 19 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. வெறும் எடைக்கு விற்றிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது.

● பழைய மரப்பெட்டி தேடுபவர்களுக்குச் சில குறிப்புகள். கேரளத்து நெட்டூர்ப் பெட்டி, கூம்பிய மூடியும் பித்தளைக் கட்டும் உள்ளது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது தேக்குப் பெட்டகமும் கதவும் அங்கே வந்து சேரும். பெங்களூர் எஸ்.ஜே.பி. சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் பழைய சாமானுக்குப் பேர்போனது.

● காட்ரெஜ் 1897ல் பூட்டில் தொடங்கி, 1902ல் இரும்புப் பெட்டிக்கும், 1923ல் இரும்பு பீரோவுக்கும் வந்தது. 1944 ஏப்ரல் 14ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பெருந்தீ பரவியபோது அந்த இரும்புப் பெட்டிகளுக்குள் இருந்தவை தப்பின. மரப்பெட்டகம் நம் வீடுகளிலிருந்து விடைபெற்றதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

● வெள்ளி ஏன் கறுக்கிறது? காற்றில் இருக்கும் கந்தகத்தால். கந்தகம் எங்கெல்லாம் இருக்கிறது? ரப்பர் பேண்டில், கம்பளித் துணியில், முட்டையில், ஆலைப் புகையில். ஓசூரில் பாத்திரம் சீக்கிரம் கறுக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் பெட்டிக்குள் பாருங்கள். பழைய ஆங்கிலப் பெட்டிகளின் உள்ளே ஒட்டிய பச்சைத் துணி கம்பளி. பார்க்க அழகு, வெள்ளிக்குப் பகை. கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும், தேய்த்தாலும் லேசில் போகாது. துவைத்து உலர்த்திய பழைய பருத்திவேட்டிதான் நல்லது. அதில் சுற்றி, காற்றுப் புகாத பைக்குள் வையுங்கள். உப்பை வெள்ளிக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது; அரித்துவிடும். ஆங்கிலேயர் உப்புக் கிண்ணத்துக்குள் நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை இறக்கி வைத்தது அதற்காகத்தான்.

துலக்குவதில் ஒரு வார்த்தை. திருநீறு மென்மையானது, பூந்திக்கொட்டை இன்னும் மென்மை. பல்பொடி, சபீனா வேண்டாம். அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் சேர்த்து ஒரே நிமிடத்தில் வெளுக்கும் வித்தையை நகாசு வேலையுள்ள பாத்திரத்தில் செய்யாதீர்கள். உருவத்தின் மடிப்புகளில் இருக்கும் கறுப்பு அழுக்கில்லை. கண்ணும் புருவமும் தெரிவதே அதனால்தான். சுவாமி வெள்ளியில் மூக்குத் தேய்ந்த முருகனுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது.

● நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். பழைய தேநீர்க் குடுவைகளின் கைப்பிடியில், சூடு ஏறாமல் இருக்க இரண்டு வெள்ளை வளையம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது யானைத் தந்தம். தந்த வணிகத்துக்கு இந்தியாவில் தடை. தந்தம் பதித்த விசாகப்பட்டினத்துப் பெட்டிக்கும் இதே கதி. வீட்டில் இருந்தால் விற்க முயலாமல் வனத்துறையிடம் கேளுங்கள். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994ல் தனிச் சட்டமே வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராவது புதிதாக வெட்டிய ஈட்டிப் பலகையில் பெட்டகம் செய்து தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

● ஓசூரைச் சுற்றி இன்று ஏதாவது ஓர் இடத்தில் ஜே.சி.பி. மண் தோண்டிக்கொண்டேதான் இருக்கிறது. புதையல் கிடைத்தால்? 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

● 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலர்வரை தொட்டது. மார்ச் 27ல் சரிந்தது. நடுவில் இருந்த சில வாரங்களில் பரம்பரை பரம்பரையாகக் காத்த தேநீர்ச் செட்டுகளும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் கூடை கூடையாக உருக்குக்குப் போயின. விலை இறங்கிவிட்டது, உருகியது திரும்பவில்லை. விலை ஏறும் ஒவ்வொரு முறையும் நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது.

● பழைய வெள்ளியின் மிகப் பெரிய முத்திரை எது தெரியுமா? பெயர் வெட்டு. பாத்திரக் கடையில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெயர் வெட்டித் தருவார்களே, அதுதான். நகரத்தார் வீடுகளில் குடும்ப ‘விலாச’த்தின் முதலெழுத்துகள் இருக்கும். சிலவற்றில் தமிழ் எண்ணில் எடையும் இருக்கும். ஆங்கிலப் பிரபுக்கள் குலச்சின்னம் பொறித்ததற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. யார் வீட்டுப் பொருள், எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அது. சிலர் விற்கும் முன் அதைத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சந்தனக் கும்பா இருந்தது. அடியில் மூன்று எழுத்து, மூன்றும் பாட்டியின் தாய்வழி. தங்கைக்குக் கொலுசு எடுக்கப் போனபோது அதையும் கொண்டு போனோம். கடைக்காரர் தராசில் வைத்தார், எண்ணைச் சொன்னார், தலையாட்டினோம். குகைக்குள் அடங்குவதற்காக அதை முதலில் சுத்தியலால் தட்டையாக்கினார்கள். மூன்று அடி. அந்த மூன்று எழுத்தும் யாருடைய பெயர் என்று கேட்டு எழுதி வைக்கவாவது செய்திருக்கலாம்; ஒரு படம்கூட எடுக்கவில்லை. பாட்டியும் இப்போது இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை பூஜைப் பாத்திரம் துலக்கும்போது ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பாருங்கள். குத்து, எழுத்து, எண் எது இருந்தாலும் கைபேசியில் படம் எடுங்கள். வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரிடம் காட்டி, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிப் பாத்திரத்தோடு பெட்டியிலேயே வையுங்கள். விற்க வேண்டிய நெருக்கடி வந்தாலும், பழம்பொருள் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு தராசுக்குக் கொண்டு போங்கள்.